லைப்சிக் பாக் அருங்காட்சியகத்துக்குப் போகிறீர்களா? தேதி, விசா, ரயில், டிக்கெட்: முதல் முறை போகிறவர்களுக்கு

இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் பிறந்தவர் அல்ல. 1723-இல் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு அங்கே வந்தார், 1750-இல் அங்கேயே இறந்தார். ஆளையும் அவரை வரித்துக்கொண்ட ஊரையும் சேர்த்துக் காட்டும் பாக் அருங்காட்சியகம், அவர் வேலை பார்த்த தோமஸ் தேவாலயத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. வரலாறு இவ்வளவு போதும். மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து குடும்பத்தோடு போய்வந்தோம். அங்கே சுற்றியதில் ஒரு சிரமமும் இல்லை. போவதற்கு முன்னால் செய்ய வேண்டியிருந்த ஏற்பாடுகள்தான் பாடாய்ப் படுத்திவிட்டன. கிடைக்கிற குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலேயே இருப்பவர்களுக்காக எழுதியவை. விசா, பெயர்க் குழப்பம், வங்கிக் காகிதம் பற்றியெல்லாம் அவற்றில் ஒரு வரி கிடையாது. பிள்ளைக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவர்கள், சர்ச் கொயரில் பாடுகிறவர்கள், சும்மா பாக் பிடிக்கும் என்கிறவர்கள், யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசையில் போனால் அலைச்சல் குறையும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகம் சின்னது. நிதானமாகப் பார்த்தாலும் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்காக மட்டும் இவ்வளவு தூரம் போவது கட்டுப்படியாகாது. எதிர்த் தேவாலயத்தில் வாரத்தில் இரண்டு நாள் தோமானர் சிறுவர் பாடற்குழு பாடுகிறது. அதையும் கேட்டால்தான் பயணம் முழுமையாகும். ஆகவே பாட்டு நாளை வைத்துத் தேதியை முடிவு செய்யுங்கள், தேதியை வைத்து விசாவுக்கு நில்லுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

## 1. முதலில் தேதி

தோமஸ் தேவாலயத்தில் மோட்டெட் என்று சொல்லப்படும் பாட்டு வழிபாடு வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கும் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கும் நடக்கும். சனிக்கிழமைகளில் பெரும்பாலும் பாக்கின் கன்டாட்டா (வாத்தியங்களோடு பாடும் வழிபாட்டு இசை) ஒன்று இருக்கும். லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவினர் வாசிப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தோமானர் குழுவில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள். சாக்சனி மாநிலத்தில் பள்ளி விடுமுறை என்றால் அவர்களுக்கும் விடுமுறைதான். அந்த வாரங்களில் விருந்தினர் குழு எதாவது பாடும். நன்றாகத்தான் பாடுவார்கள், ஆனால் நீங்கள் கேட்கப் போனது அவர்களை அல்லவே. கோடையில் ஆறு வாரம், அக்டோபரில் இரண்டு வாரம், கிறிஸ்துமஸ், பிப்ரவரி, ஈஸ்டர் என்று விடுமுறைகள் வரும். இடையில் குழு வெளியூர் கச்சேரிக்கும் போகும். தேவாலயத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு வாரமும் யார் பாடுகிறார்கள் என்று போட்டிருப்பார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள்.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறையில் போவதென்றால் மே மாதம் தோதாக இருக்கும். அங்கே அப்போது பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும், குளிரும் குறைந்திருக்கும். ஆனால் பெந்தெகொஸ்தே (ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பண்டிகை) வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் கோதிக் இசை ரசிகர்களின் பெரிய திருவிழா ஒன்று லைப்சிக்கில் நடக்கிறது. கறுப்பு உடை அணிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஊருக்கு வருவார்கள், அறை கிடைக்காது. மார்ச்சில் புத்தகக் கண்காட்சி நாட்களிலும் இதே கதைதான்.

ஜூனில் பத்து நாள் போல நடக்கும் பாக் விழாவைப் பற்றிக் கேட்பீர்கள். இசை தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம். ஆனால் முதல் முறை போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முக்கியமான கச்சேரி டிக்கெட்டுகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், அறை வாடகை ஏறிவிடும், அருங்காட்சியகத்தில் நின்று பார்க்க இடம் இருக்காது.

அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலை 10 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வியாழன் இரவு போய்ச் சேர்ந்து திங்கள் காலை கிளம்புவதுதான் சரியாக வருகிறது. வெள்ளி பகலில் அருங்காட்சியகம், மாலையில் மோட்டெட், சனி பிற்பகல் கன்டாட்டா, ஞாயிறு பக்கத்து ஊர்.

## 2. எந்த பாக் வீடு என்று பார்த்துக்கொள்ளுங்கள்

ஐசனாக் என்ற ஊரிலும் பாக் பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, பெயர் பாக்ஹவுஸ். அது அவர் பிறந்த ஊர். நீங்கள் போக வேண்டியது லைப்சிக்கில் தோமஸ்கிர்ஹ்ஹோஃப் 15/16 என்ற முகவரியில் உள்ள போஸே வீடு. பாக் குடும்பத்துக்கு நெருக்கமாக இருந்த போஸே என்ற வணிகரின் வீடு அது. பாக் குடியிருந்த தோமஸ் பள்ளிக் கட்டடத்தை 1902-இல் இடித்துவிட்டார்கள். “பாக் வாழ்ந்த அறையைப் பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

## 3. விசா: எங்கே, எப்போது

வேண்டியது ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) குறுகிய கால விசா, சுற்றுலா வகை. கச்சேரி கேட்கவும் அருங்காட்சியகம் பார்க்கவும் அழைப்புக் கடிதம் எதுவும் தேவையில்லை. விண்ணப்பத்தில் “இசைப் படிப்பு”, “ஆராய்ச்சி” என்று பெருமைக்காக எழுதி வைக்காதீர்கள். வேறு வகைக் காகிதங்களைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. பாரிஸில் ஐந்து இரவு, லைப்சிக்கில் நான்கு இரவு என்று திட்டம் போட்டால் அது பிரான்ஸ் விசா. ஜெர்மனி விசா விண்ணப்ப மையத்தில் சீக்கிரம் தேதி கிடைக்கிறது என்று அங்கே போய்க் கொடுத்தால் நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள், கூடுதலாகப் பார்க்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை. ஆனால் நேரத்தைத் தின்பது இது அல்ல. விண்ணப்பம் கொடுக்க மையத்தில் தேதி கிடைப்பதுதான் பெரும்பாடு. ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் தேதிகள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே தேதி பிடித்துவிடுங்கள். தேதி வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்கள் பக்கம் போகவே வேண்டாம்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இல்லை. இதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தாலும் பணம் திரும்பாது. மையத்தில் எஸ்எம்எஸ், தனி அறை, கூரியர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எதுவும் கட்டாயம் இல்லை, வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள்.

கைரேகை நேரில் போய்க் கொடுக்க வேண்டும். 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கைரேகை இல்லை. முன்பு ஷெங்கன் விசாவுக்குக் கொடுத்து 59 மாதம் ஆகவில்லை என்றால் பழைய ரேகையையே எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. மறுத்துவிட்டால் மறுபரிசீலனை மனு கொடுக்கும் வழி முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அதை எடுத்துவிட்டது. இப்போது புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் அங்கே நீதிமன்றத்துக்குப் போகலாம். சுற்றுலாவுக்காக யாரும் பெர்லினில் வழக்குப் போடப் போவதில்லை. ஆகவே முதல் முறையே ஃபைல் சுத்தமாக இருக்கட்டும்.

## 4. காகிதங்கள், முக்கியமாகப் பெயர்

பட்டியல் பெரிதாகத் தெரியும், ஆனால் வழக்கமானதுதான்.

- பாஸ்போர்ட்: கொடுத்து பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கம்.
- போட்டோ: 35க்கு 45 மில்லிமீட்டர், சமீபத்தில் எடுத்தது. ஸ்டூடியோவில் ஷெங்கன் என்று சொன்னால் தெரியும்.
- போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் விடுதி முன்பதிவு.
- மருத்துவக் காப்பீடு: குறைந்தது 30,000 யூரோ. ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், பயண நாட்கள் அத்தனைக்கும்.
- வங்கிக் கணக்கு அறிக்கை மூன்று மாதத்துக்கு, வங்கி முத்திரையோடு. வருமான வரிக் கணக்கு. சம்பளக்காரர்களுக்குச் சம்பளச் சீட்டும் அலுவலக விடுப்புக் கடிதமும். தொழில் செய்பவர்களுக்குப் பதிவுச் சான்று, ஓய்வு பெற்றவர்களுக்கு ஓய்வூதிய ஆவணம்.
- எந்த நாளில் எங்கே என்று ஒரு பக்கக் கடிதம்.
- பிள்ளைகள் வந்தால் பிறப்புச் சான்றிதழ், பள்ளி விடுப்புக் கடிதம். பெற்றோரில் ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய சம்மதக் கடிதம்.

கடைசி வாரத்துச் சமாசாரம் ஒன்று உண்டு: விண்ணப்பிக்கும் முன்பு கணக்கில் திடீரென்று நான்கு லட்சம் போட்டு வைப்பது. மச்சானிடம் வாங்கிப் போட்டது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். குறைவாக இருந்தாலும் மாதாமாதம் வந்து போகிற கணக்குக்குத்தான் மதிப்பு.

தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒருவர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். இன்னொருவர் பாஸ்போர்ட்டில் அந்த இடமே காலியாக இருக்கும். விமான டிக்கெட் போடும் தளமோ அந்த இடத்தைக் காலியாக விடவே விடாது. காப்பீட்டுக்காரர் இனிஷியலை முன்னால் போடுவார், விடுதிக்காரர் பின்னால் போடுவார். கடைசியில் ஒரே ஆளுக்கு நான்கு காகிதத்தில் நான்கு பெயர். எங்கள் ஃபைலைத் தயார் செய்த டிராவல்ஸ்காரர், என் மனைவியின் காப்பீட்டில் என் பெயரை அவருடைய பெயருக்கு முன்னால் சேர்த்துவிட்டார். அதைத் திருத்தி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாஸ்போர்ட்டில் எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ அப்படியே எல்லாவற்றிலும் இருக்கட்டும். இடம் காலியாக உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையைக் காப்பீட்டுக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். கணவன் மனைவி பெயர் ஒருவர் பாஸ்போர்ட்டில் மற்றவருடையது ஏறவில்லை என்றால் திருமணச் சான்றிதழும் ஃபைலில் இருக்கட்டும்.

## 5. எவ்வளவு ஆகும்

ஒரு யூரோவை நூறு ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். சென்னையிலிருந்து போக வர விமானம் சீசனைப் பொறுத்து ஐம்பதாயிரத்திலிருந்து லட்சம் வரை ஆடும். லைப்சிக்கில் இரண்டு பேர் தங்கும் சாதாரண அறை நாளுக்கு 80 முதல் 130 யூரோ. நகர வரி தனியாக வந்தால் திடுக்கிட வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், எதற்காகப் போகிறோமோ அதுதான் இருப்பதிலேயே மலிவு. அருங்காட்சியக நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 10 யூரோ அளவில். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை எல்லோருக்குமே இலவசம். மோட்டெட்டுக்கு நிகழ்ச்சித் தாள் வாங்க வேண்டும். சில யூரோதான், அதுவே டிக்கெட்.

## 6. விமானமும் ரயிலும்

லைப்சிக்குக்குப் பக்கத்தில் விமான நிலையம் இருக்கிறது, ஆனால் நமக்கு அங்கே நேரடி விமானம் இல்லை. ஃபிராங்பர்ட்டில் இறங்கி ரயிலில் போவதுதான் எளிது. விமான நிலையத்தை ஒட்டியே தொலைதூர ரயில் நிலையம் இருக்கிறது. லைப்சிக்குக்கு அதிவேக ரயிலில் மூன்றரை மணி நேரம் போல ஆகும். பெர்லினில் இறங்கினால் அங்குள்ள தலைமை ரயில் நிலையத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம்.

ரயில் டிக்கெட்டில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். மலிவாகக் கிடைக்கும் ஷ்பார்பிரைஸ் டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். ரயில் தாமதமானால் வேறு ரயிலில் ஏற விடுவார்கள். உங்கள் விமானம் தாமதமானால் அது உங்கள் பாடு. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகத்தையும் விரல்ரேகையையும் பதியும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு வரிசை நீளமாகவே இருக்கும். ஆகவே போகும் நாளில் எந்த ரயிலிலும் ஏறக்கூடிய ஃப்ளெக்ஸ்பிரைஸ் எடுங்கள், அல்லது இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள். திரும்பும்போது மலிவு டிக்கெட் எடுக்கலாம். அப்போதும் விமானத்துக்கு ஒரு ரயில் முன்னதாகப் பாருங்கள், ஜெர்மன் ரயில்களைப் பற்றி அங்கே உள்ளவர்களே நல்லவிதமாகச் சொல்வதில்லை.

14 வயது வரை பிள்ளைகளுக்குப் பெரியவர்களோடு வந்தால் ரயில் கட்டணம் இல்லை. ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே அவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். இடம் பிடிக்கத் தனிக் கட்டணம். அது இல்லாமலும் ஏறலாம், பெட்டி மூட்டையோடு நிற்கத் தயாராக இருந்தால்.

மாதச் சீட்டான டாய்ச்லண்ட் டிக்கெட்டை யாராவது சிபாரிசு செய்வார்கள். 2026-இல் விலை 63 யூரோ. அதில் அதிவேக ரயிலில் ஏற முடியாது. அதோடு அது சந்தா, நிறுத்தச் சொல்லாமல் ஊருக்கு வந்துவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும். நான்கைந்து நாளுக்கு வேண்டாம்.

லைப்சிக் தலைமை ரயில் நிலையத்திலிருந்து தோமஸ் தேவாலயம் கால் மணி நேர நடை. டிராமில் ஏறினால் டிக்கெட்டில் நேரம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். தாள் டிக்கெட்டை வண்டியில் உள்ள பெட்டியில் குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டும் இல்லாத டிக்கெட்டும் அவர்களுக்கு ஒன்றுதான், அபராதம் 60 யூரோ. ஊருக்குப் புதிது என்ற சமாதானம் எடுபடாது.

## 7. அருங்காட்சியகத்துக்குள்

காலை 10 மணிக்கே போய்விடுங்கள். பள்ளிக் கூட்டமும் பேருந்துக் கூட்டமும் பிறகுதான் வரும். கைப்பையையும் கோட்டையும் லாக்கரில் வைக்கச் சொல்வார்கள், ஒன்றிரண்டு யூரோ நாணயம் கையில் இருக்கட்டும். குறிப்புகள் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. ஆங்கில ஆடியோ கைடு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எதிர்பார்ப்பை இங்கேயே களைந்துவிடுகிறேன். பாக்கின் பெரிய படைப்புகளான மத்தேயு பாஸியன் (இயேசுவின் பாடுகளைச் சொல்வது), பி மைனர் மாஸ் இரண்டின் மூலக் கையெழுத்துப் பிரதிகளும் இங்கே இல்லை. அவை பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கின்றன. இங்கே உள்ள பெரிய சொத்து, கன்டாட்டாக்களைப் பாடவும் வாசிக்கவும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்த தாள்கள். 1724-25 வாக்கில் எழுதிய கோரல் கன்டாட்டாக்களுக்கான (சபைப் பாடல்களை அடிப்படையாகக் கொண்டவை) 44 தொகுதிகள் தோமஸ் பள்ளிக்கு வந்து, இப்போது இங்குள்ள பாக் ஆவணக் காப்பகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. மொத்தத்தையும் ஒரே நேரத்தில் காட்ட மாட்டார்கள். வெளிச்சம் பட்டால் தாள் கெடும் என்பதால் கருவூல அறை என்று ஓர் இருட்டறையில் சிலவற்றை மட்டும் வைத்து, வருஷத்தில் சில தடவை மாற்றுவார்கள்.

இந்த அறைக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகட்டும். அப்புறம் கண்ணாடிக்கு அருகே குனிந்து பாருங்கள். அந்தக் காலத்து மையில் இரும்புச் சத்து உண்டு. அது தாளை அரித்துப் பழுப்பாகப் பின்பக்கம் வரை இறங்கியிருக்கும். பின்பக்கத்துச் சுரங்கள் முன்பக்கத்தில் நிழலாகத் தெரியும். ஒரே தாளில் ஒழுங்கான எழுத்தும் அவசர எழுத்தும் மாறி மாறி வந்தால், மாணவர்களோ வீட்டு ஆட்களோ எழுதியதைப் பாக் திருத்தியிருக்கிறார் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குள் முடிக்க வேண்டிய வாராந்திர வேலை அது. நாங்கள் அதிக நேரம் நின்றது இந்த அறையில்தான்.

எலியாஸ் கோட்லோப் ஹவுஸ்மான் வரைந்த பாக் படத்தையும் தேடிப் பாருங்கள். புத்தக அட்டைகளில் எல்லாம் வருகிற அதே முகம். இங்கே உள்ளது 1748-இல் வரைந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர் வில்லியம் ஷைடு உயிலில் எழுதி வைத்து, 2015-இல் லைப்சிக் வந்து சேர்ந்தது. வலது கையில் ஒரு துண்டுத் தாள், அதில் மூன்று வரி இசைக்குறி. மூன்று வரியை வைத்துக்கொண்டு ஆறு குரலுக்கு விரிக்க வேண்டிய புதிர் அது. தாளை அவர் பிடித்திருப்பதும் நாம் படிக்கிற மாதிரிதான். 1746-இல் வரைந்த முதல் படம் ஐந்து நிமிட நடையில் பழைய நகர மண்டபத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் அதன் மேல் நிறையத் தீட்டிவிட்டதால் இங்கே உள்ளதுதான் தெளிவு.

1743-இல் பாக் சோதித்துப் பார்த்த ஆர்கன் ஒன்றின் வாசிப்பு மேசை இருக்கிறது. அந்த ஆர்கன் இருந்த யோவான் தேவாலயம் இன்று இல்லை. அவருடைய குடும்பத்தார் வைத்திருந்த பணப்பெட்டி ஒன்றும், 1894-இல் அவருடைய கல்லறையைத் திறந்தபோது கிடைத்த சில பொருள்களும் உண்டு. இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

பிள்ளைகளோடு போனால் பாக் காலத்து வாத்தியங்கள் உள்ள அறைக்கு முதலில் போய்விடாதீர்கள், வெளியே இழுத்து வர முடியாது. ஒரு பாட்டு ஒலிக்கும், எந்த வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதன் ஒலி மட்டும் தூக்கலாகக் கேட்கும். தாளின் நீர்க்குறியை வைத்தும் கையெழுத்தை வைத்தும் ஒரு பிரதி எந்த வருஷத்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை விளக்கும் பகுதியும் இருக்கிறது. அது பெரியவர்களுக்கு. பாக்கின் படைப்புகளை உட்கார்ந்து கேட்க ஓர் அறை வைத்திருக்கிறார்கள். மாலையில் எந்தப் பாட்டு என்று நிகழ்ச்சித் தாளில் பார்த்து, அதை இங்கே ஒரு முறை கேட்டுவிட்டுப் போனால் தேவாலயத்தில் திண்டாட வேண்டியிருக்காது.

கருவூல அறையில் காமிராவைப் பைக்குள்ளேயே வையுங்கள். வேறு இடங்களில் எடுக்கலாமா என்று காவலரிடம் கேட்டுவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். பிரதிகளைப் பெரிதாக்கிப் பார்க்க ஆசை இருந்தால் பாக் டிஜிட்டல் என்ற இணையதளத்தில் உயர்தரப் படங்களாக இலவசமாகவே இருக்கின்றன. போவதற்கு முன்பே இரண்டு மூன்றைப் புரட்டிப் பார்த்தால் நேரில் பார்க்கும்போது என்ன தேடுவது என்று தெரியும்.

## 8. மோட்டெட்டுக்கு

இருக்கை எண் கிடையாது. தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு கதவு திறக்கும், அதற்கும் முன்னால் வரிசை தொடங்கிவிடும். சனிக்கிழமை இன்னும் கூட்டம்.

ஒரு விஷயம் எதிர்பாராததாக இருக்கும்: பாடுகிறவர்கள் நமக்குப் பின்னால், மேலே மேற்கு மாடத்தில் நிற்பார்கள். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் பயனில்லை. முன்வரிசைக்கு அடித்துப் பிடித்து ஓட வேண்டாம், நடுவில் உட்கார்ந்தாலே ஒலி நன்றாக இருக்கும். பாக்கின் கல்லறை முன்பக்கம், பீடத்துக்கு அருகே தரையில். வெண்கலப் பலகையில் பெயர் மட்டும் இருக்கும். அவருடைய எச்சங்களை இங்கே கொண்டுவந்தது 1950 வாக்கில்தான். வழிபாட்டு நேரத்தில் அங்கே போக முடியாது, காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

இது கச்சேரி அல்ல, ஆராதனை. கைதட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. நடுவில் வேத வாசிப்பும் ஜெபமும் வரும், எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டும் வரும். நம் ஊர் லுத்தரன் சர்ச்சுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் ஆச்சரியம் தரும். பாமாலைப் புத்தகத்தில் தமிழில் பாடிய ராகங்கள் சில அங்கே ஜெர்மனில் வரும். பெரிய வெள்ளியன்று பாடுகிற ராகம் ஒன்றை மத்தேயு பாஸியனில் பாக் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார். மே மாதமாக இருந்தாலும் உள்ளே சில்லென்று இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

## 9. ஊரில் மீதி

தரையில் பதித்த வளைந்த எஃகுப் பட்டைகளைப் பார்த்தால் அதன் வழியே நடக்கலாம். நோட்டன்ஷ்பூர் என்ற அந்த இசைத் தடம் ஐந்து கிலோமீட்டர் சொச்சம். இசையமைப்பாளர்கள் மெண்டல்ஸோன் வாழ்ந்த வீடு, ஷூமன் வீடு எல்லாம் அதில் வரும். நேரம் குறைவு என்றால் நிக்கோலாய் தேவாலயத்துக்கு மட்டும் போங்கள். யோவான் பாஸியன் 1724-இல் முதன்முதலில் ஒலித்தது தோமஸ் தேவாலயத்தில் அல்ல, இங்கேதான். பாக் இரண்டு தேவாலயத்துக்கும் சேர்த்துத்தான் சம்பளம் வாங்கினார். அவர் வாரந்தோறும் வாசித்த ஸிம்மர்மன் காப்பிக் கடை 1943-இல் குண்டு வீச்சில் போய்விட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: லைப்சிகர் அல்லர்லை என்பது காய்கறிக் கூட்டு மாதிரிதான் இருக்கும், ஆனால் பழைய முறையில் செய்தால் நன்னீர் இறால் வகை ஒன்றைச் சேர்ப்பார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஞாயிறு அன்று கடைகள் அடைத்திருக்கும். சனி இரவுக்குள் வாங்கி வையுங்கள், மறந்தால் ரயில் நிலையத்துக்குள் உள்ள கடைகள்தான் கதி. சின்னக் கடைகளில் கார்டு எடுக்காமல் போகலாம், கையில் ஐம்பது யூரோ ரொக்கம் இருக்கட்டும்.

## 10. ஞாயிற்றுக்கிழமை ஹாலே

லைப்சிக்கிலிருந்து உள்ளூர் ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் ஹாலே. பாக் காலத்து இசையமைப்பாளர் ஹாண்டல் பிறந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. நமக்கு அதைவிட முக்கியமான இடம், பழைய அநாதை இல்லமும் பள்ளிகளும் உள்ள ஃபிராங்கே நிறுவனங்கள். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த மிஷனரி சீகன்பால்கு படித்தது ஹாலேயில். தமிழ்நாட்டிலிருந்து போன ஓலைச்சுவடிகள் அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சும்மா போய் நின்றால் சுவடி காட்ட மாட்டார்கள், வாரநாளில், முன்பே எழுதி அனுமதி வாங்க வேண்டும். ஆனால் பழைய அநாதை இல்லக் கட்டடத்தின் மாடியில் உள்ள அதிசயப் பொருள் கூடத்தை ஞாயிறு அன்றே டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம். உலகின் பல மூலைகளிலிருந்து மிஷனரிகள் அனுப்பிய சாமான்கள் பழைய மர அலமாரிகளில் அப்படியே இருக்கின்றன.

ஹாலே டிக்கெட்டை லைப்சிக் நகர டிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள், மண்டலம் வேறு. இயந்திரத்தில் போகும் இடம் ஹாலே என்று அழுத்தி எடுங்கள், திரும்பி வரவும் சேர்த்துப் பார்த்தால் நாள் டிக்கெட் பெரும்பாலும் லாபம். ஹாலேயிலும் திங்கள் விடுமுறைதான், இதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைக்காதீர்கள்.